பந்தி நேரக் குறைப்புத் திட்டம்

ஜூன் 8, ஞாயிறு

கம்பெனியில் தர மேம்பாட்டுப் பயிற்சி நடக்கிறது. ஆளுக்கொரு திட்டம் எடுக்க வேண்டும், திட்டம் முடியும்வரை நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று ஷர்மிளா மேடம் சொல்லிவிட்டார். அவர் எங்கள் பம்ப் கம்பெனியின் தரப் பிரிவுத் தலைவர். நான் அதே பிரிவில் சீனியர் சூப்பர்வைசர். பம்ப்பின் சத்தத்தை வைத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடுவேன். இருந்தாலும் சான்றிதழ் இல்லை என்றால் பிரமோஷன் இல்லையாம்.

மற்றவர்கள் நட்டு, பெயின்ட், பேக்கிங் அட்டை என்று எடுத்திருக்கிறார்கள். எனக்கான திட்டம் இன்று வடவள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரின் மோர்ச்சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு பெரியவருக்குப் பின்னால் நின்றேன். அவர் பாயசத்தை வழித்து முடித்துவிட்டு, "கொஞ்சம் ரசம் குடுப்பா" என்றார். அந்த நொடியில் முடிவெடுத்தேன்.

ஆகஸ்ட் 31 என் மகள் மிருதுளாவுக்குக் கல்யாணம். இந்த ஜூன் 22 நிச்சயதார்த்தம். இரண்டும் ஒரே மண்டபம். ஈரோட்டுச் சம்பந்தி போனிலேயே சொல்லிவிட்டார்: "எங்க பக்கம் ஒறம்பரை, சொந்தபந்தம் எச்சுங்க. பந்திக்கு நிக்கோணும்னா பாதிப்பேரு கெளம்பிப் போயிருவாங்க."

கிளம்ப விடுவேனா?

ஜூன் 11

ஷர்மிளா மேடம் என் திட்டப் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, சரி, பந்தியும் ஒரு உற்பத்தி வரிசைதான் என்று ஒப்புக்கொண்டார்.

முதன்மை அளவு: ஒரு பந்தி முடிய ஆகும் நேரம். இப்போது ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். இலக்கு இருபது.

துணை அளவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். "இது என்ன சார், சும்மா விட்டுட்டீங்க? ஒண்ணைப் புடிச்சுக் கீழ அமுத்துனா இன்னொண்ணு மேல எந்திரிக்கும். எது எந்திரிக்கும்னு முன்னாடியே யோசிச்சு, அதையும் அளக்கணும். போன வருஷம் நீங்க பம்ப் டெஸ்டிங் நேரத்தைக் கொறச்சீங்க. அப்புறம் என்ன ஆச்சு?"

போன வருடம் பம்புகள் திரும்பி வந்ததற்குக் காரணம் மழை. அதை அவருக்கு விளக்கினேன். அவர் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "துணை அளவு எழுதிட்டு வாங்க" என்றார்.

எழுதிவிட்டேன்: 'பிறகு.'

ஜூன் 14

இரண்டு கல்யாணங்களுக்கு அழைப்பில்லாமல் போய் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்தேன். ஒரு பந்தியில் நடக்கும் எல்லா வேலைகளையும் வரிசையாக எழுதி, எவை சாப்பாட்டுக்குத் தேவை, எவை வீண் என்று பிரித்தேன். பெரிய வீண் எது என்று கண்டுபிடித்தபோது எனக்கே புல்லரித்தது.

பந்தி விசாரிப்பு!

கல்யாண வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் வருகிறார். "நல்லா சாப்பிடுங்க. ஏனுங், பொரியல் வெக்கலையா? பெரியம்மா வரலைங்களா?" சாப்பிடுபவர் கையை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். இலையில் சோறு ஆறுகிறது, பின்னால் நிற்பவர் வாடுகிறார். இதனால் ஒரு பருக்கை கூடக் கூடுதலாக வயிற்றுக்குள் போவதில்லை.

நீக்கிவிட்டேன்.

ஜூன் 16

சமையல் கான்ட்ராக்டர் தெய்வசிகாமணியுடன் பேசினேன். பந்தி இருபது நிமிடத்துக்குள் முடிந்தால் பரிமாறும் பையன்களுக்கு ஆளுக்கொரு வேட்டி சட்டை என்று அறிவித்தேன். மனுஷன் அசரவே இல்லை.

"நேரம்தானுங்க வேணும்? குடுத்தர்லாம். எங்க பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரசம் கேட்டா 'வருதுங்க'ன்னு சொல்லுவாங்க."

"சொல்லி?"

"அவ்வளவுதானுங்க. வராது."

சுறுசுறுப்பான ஆள்.

ஜூன் 22, ஞாயிறு

வெற்றி! வெற்றி!

நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தது. முதல் பந்தி இருபத்திரண்டு நிமிடம், இரண்டாவது பத்தொன்பது, மூன்றாவது பதினேழு! நாற்காலிக்குப் பின்னால் ஒருவர்கூட நிற்கவில்லை. என் தம்பியைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நிறுத்தி, நம் வீட்டு ஆட்கள் யாரும் விசாரிக்கிறேன் என்று உள்ளே நுழையாமல் பார்த்துக்கொண்டேன். நானே நுழையவில்லை. நுழைய வேண்டும்போல இருந்தது. கட்டுப்படுத்திக்கொண்டேன்.

கூட்டமும் சீக்கிரமே கலைந்துவிட்டது. எதிரே இருக்கும் பேக்கரியில் மட்டும் ஏனோ திருவிழாக் கூட்டம்.

வரும் வழியில் என் மனைவி வசந்தாமணி ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

ஜூன் 23

வசந்தாமணிக்கு இன்னும் களைப்பு.

ஜூன் 24

காலையில் ஒரு விசித்திரம். வசந்தாமணி தட்டில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி, காபி டம்ளர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு இட்லி முடித்துவிட்டு செய்தித்தாளைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் தட்டைக் காணோம்.

"ஏனம்மிணி, இன்னும் ரெண்டு இருந்துச்சே?"

"நேரம் மிச்சமுங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஜூன் 25

விஷயம் மிருதுளா சொல்லித்தான் தெரிந்தது.

என் மச்சான், வசந்தாமணியின் அண்ணன் கிட்டுசாமி, நிச்சயதார்த்தத்தன்று மூன்றாவது பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். மிருதுளாவுக்குத் தாய்மாமன். அவருக்கு ஒப்புட்டு, அதாவது போளி, என்றால் உயிர், அதுவும் நெய் ஊற்றினால்தான். இலையில் ஒப்புட்டு விழுந்தது. நெய் கேட்டார். "வருதுங்க" என்றிருக்கிறான் பையன். ஒப்புட்டைத் தொடாமல் காத்திருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் தேங்காய் விலை பேசத் திரும்பியிருக்கிறார். பேசிவிட்டுத் திரும்பினால் மேசையில் இலையே இல்லை.

மச்சான் வாசல்வரை பார்த்திருக்கிறார். விசாரிக்க நம் வீட்டு ஆள் ஒருவரும் உள்ளே இல்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். நேற்று போனில் தங்கையிடம் என்னைப் பற்றிச் சொன்னாராம்: "கண்ணாலத்துக்கு நான் எதுக்கம்மிணி? மாப்ளகிட்டச் சொல்லி ஒரு மெஷினு வெச்சு தாலி எடுத்துக் குடுக்கச் சொல்லு."

தாய்மாமன் கை பிடித்து அழைத்து வராமல் எங்கள் பக்கம் பெண் மேடை ஏறுவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் சாப்பிட்டவர்களில் புகார் சொன்னவர் ஒரே ஒருவர். சதவீதமாகப் பார்த்தால் இதை ஒதுக்கிவிடலாம்.

இதை வசந்தாமணியிடம் சதவீதத்தோடு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 26

இன்று ஹோட்டலில் சாப்பிட்டேன்.

ஜூன் 28

மண்டபத்துக்குப் பாக்கி வேலையாகப் போனபோது எதிர் பேக்கரிக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த விசேஷம் எப்பங்க? முன்கூட்டியே சொல்லுங்க. அன்னிக்கு பப்ஸு, தேங்கா பன்னு, வாழப்பழக் கேக்கு அத்தனையும் காலிங்க. பட்டுச்சேலை கட்டுன அம்மணிகளெல்லாம் நின்னுட்டே திங்கறாங்க. நெம்பப் பாவமாப் போச்சு. இந்தவாட்டி எச்சாப் போட்டு வெக்கறேன்."

ஒரு டீயும் பப்ஸும் வாங்கிக்கொண்டேன். பப்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

ஷர்மிளா மேடத்திடம் பந்தி நேர வரைபடத்தைக் காட்டினேன். கோடு அழகாக இறங்கியிருந்தது. அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. "நேரம் கொறஞ்சுது சார். எது கூடுச்சு?" என்றார்.

எதுவும் கூடவில்லை என்றேன். வண்டியில் வரும்போது யோசித்தேன். இலைகளில் மீந்த சோறு கூடியிருந்தது, தெய்வசிகாமணி குப்பை வண்டி இரண்டு நடை போனதாகச் சொன்னார். பேக்கரி வியாபாரம் கூடியது. வீட்டில் மௌனம் கூடியது. இதையெல்லாம் மேடத்திடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மச்சானை நேரில் பார்க்கக் கிணத்துக்கடவு போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆப்பிள், மாதுளை, ஒரு கருத்துப் படிவம். 'பந்தியில் உங்கள் அனுபவத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரவும்.' கோபத்தை எண்ணாக்கிவிட்டால் சரிசெய்வது சுலபம் என்பது என் கணக்கு.

மச்சான் படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, முன்னும் பின்னும் பார்த்தார். அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அடியில் வைத்தார். கட்டில் ஆட்டம் நின்றது.

"உக்காருங் மாப்ள. சாப்படலாம்."

அவர் மனைவி சரசக்கா இலை போட்டார். மச்சான் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்துகொண்டார். "அந்தக் கத்திரிக்கா நம்ம தோட்டத்துதுங்க, இன்னொரு கரண்டி வெச்சுக்கங்க." "அம்மிணி, மாப்ளைக்கு அப்பளம் ஒடஞ்சதா வெச்சிருக்கற? நல்லதா ஒண்ணு எடு." "ஆபீசுல இன்னும் அந்தத் தூத்துக்குடிக்காரன் இருக்கறானா, உங்களைப் பாடாப் படுத்துவானே?" அவனைப் பற்றி ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை சொல்லியிருந்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது.

சொல்லச் சொல்ல நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஸ்டாப்வாட்ச் பையில்தான் இருந்தது.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாமுங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

ஜூலை 7

வசந்தாமணி கேட்டாள்: "அண்ணன் என்ன சொன்னாருங்க?" கட்டில் சரியாகிவிட்டது என்றேன்.

ஜூலை 19

ஆடி. விசேஷம் எதுவும் கிடையாது. தட்டு இப்போதும் ஒரே தடவையில்தான் வருகிறது. 'இன்னொண்ணு வெக்கட்டுங்களா' என்ற கேள்வி இந்த வீட்டில் நின்று ஒரு மாதம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு நான் இதுவரை மரியாதையாகப் பதில் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. 'ம்' என்பேன், அல்லது கையை ஆட்டுவேன். இப்போது அது இல்லாமல் இட்லி இறங்க மறுக்கிறது. வயிறு சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று உப்புச் சர்க்கரை மாற்றும் சடங்கு. அதே மண்டபம், இரண்டு வீட்டு நெருங்கிய சொந்தம் மட்டும். கல்யாணத்துக்கு முன் கடைசிச் சோதனை ஓட்டம்.

திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். முதன்மை அளவே இனி விசாரிப்புதான்! வரிசைக்கு ஐந்து பேர். ஒவ்வொரு இலையையும் ஒவ்வொருவரும் விசாரித்தே ஆக வேண்டும். கையில் ஆளுக்கொரு பென்சில், விசாரித்த இலைக்கு ஒரு கோடு.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. என் தம்பி சம்பந்தியிடம் போய்ப் பொரியல் வேண்டுமா என்றான். அவன் நகர்ந்ததும் அவன் மனைவி வந்து பொரியல் வேண்டுமா என்றாள். அவளுக்குப் பின்னால் என் சித்தப்பா, அவருக்குப் பின்னால் என் ஒன்றுவிட்ட மச்சினன். ஐந்தாவதாக நான் போய்க் குனிந்து, "சம்பந்தி, பொரியல்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, வாய்க்குக் கொண்டுட்டுப் போற சோத்தை நாலுவாட்டி கீழ வெச்சுட்டேன்! பொரியலை மொத்தமா என்ற தலைல கொட்டிப்போட்டுப் போங்க, நான் சாப்படறேன்!"

பந்தி ஐம்பது நிமிடம் ஓடியது. இரண்டாவது பந்திக்குக் காத்திருந்தவர்களைத் தேடினேன். பேக்கரியில் இருந்தார்கள்.

மச்சான் வரவில்லை.

ஆகஸ்ட் 26

மிருதுளா தன் மாமனுக்கு போன் செய்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், தற்செயலாக.

"மாமா, நீங்க வந்து கை புடிக்காம நான் மேடை ஏற மாட்டேன். மாப்ள வேணும்னா எந்திரிச்சு ஈரோட்டுக்குப் போவட்டும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டாள். முகம் பாதி மலர்ந்து பாதியில் நின்றது. மாமா வருகிறாராம். முறை அத்தனையும் செய்வாராம். ஆனால் அந்தப் பந்தியில் மட்டும் கை நனைக்க மாட்டாராம்.

வசந்தாமணி இதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்கண்ணன் எம்பொண்ணு கண்ணாலத்துல சாப்படாமப் போனா, எனக்குப் பொறந்த ஊடு இல்லைன்னு அர்த்தமுங்க."

அவளோடு குடும்பம் நடத்தத் தொடங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அவள் குரல் இப்படி இருந்து நான் கேட்டதில்லை. பயமாக இருந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

ஷர்மிளா மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பப்ஸ் உட்பட. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சார், ஒண்ணை மட்டும் பாத்தா இதுதான் ஆகும். அப்புறம் அதை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் பாத்தீங்க, அதுவும் இதேதான். நேரத்துக்கு ஒரு எல்லை வைங்க, இருபதுக்கு ஓடாதீங்க. அது எல்லைக்குள்ள இருக்கறப்ப மத்தது கெடாம இருக்கான்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணா நிக்கணும்."

புதிய திட்டம்: பந்திக்கு அரைமணி நேரம். வரிசைக்கு வீட்டு ஆள் ஒருவர், ஒருமுறை. பென்சில் கிடையாது. வேட்டி சட்டை எல்லாப் பையன்களுக்கும் உண்டு, நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'வருதுங்க' என்று சொன்னால் வர வேண்டும். தெய்வசிகாமணி கடைசி நிபந்தனைக்கு மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மச்சான் வந்தார். மிருதுளாவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தபோது மீசை துடித்தது. எல்லா முறையும் செய்தார். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி முப்பத்தொரு நிமிடம், இரண்டாவது இருபத்தொன்பது. சம்பந்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் வரவில்லை, ஏனென்றால் மச்சான் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு மண்டப வாசலில் நின்றிருந்தார். தூணோரம் வசந்தாமணி நின்று அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதை எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கெளம்பறேனுங் மாப்ள. தோப்புல தேங்கா லோடு ஏத்தோணும்."

"சரிங்க மச்சான்" என்றேன். வேறென்ன சொல்வது? அப்போது வயிறு சத்தம் போட்டது. அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங், நீங்க இன்னும் சாப்படலையா?"

"காலைல ஒரு காப்பிங்க. அவ்வளவுதான்."

"அட, பொண்ணப் பெத்தவன் பட்டினி கெடக்கறான், ஒருத்தனும் கேக்கலையா? என்ன ஊடுங்க இது!"

என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். கூடத்துக்குள் போய், என்னை ஒரு நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார். "எலை போடுப்பா, மாப்ளைக்கு எலை போடு" என்று அதட்டினார். பையன் பயந்துபோய் பக்கத்து இடத்துக்கும் சேர்த்து இரண்டு இலை போட்டுவிட்டான். மச்சான் அந்த இலையைப் பார்த்தார். போட்ட இலையை அப்படியே விட்டுப்போவது பாவம், அவரால் முடியாது. அவர் நின்றுகொண்டே இருந்தார். நானும் சாப்பிடவில்லை. பிறகு மெல்ல உட்கார்ந்தார். ஆனால் கை மடியிலேயே இருந்தது.

ஒப்புட்டு வந்தது. மச்சான் இலையிலும் விழுந்தது. நெய்க்காரப் பையன் எங்கோ கடைசி வரிசையில் இருந்தான். கூப்பிட்டேன். "வருதுங்க" என்றான்.

நான் எழுந்தேன். நேராகப் போய் அவன் கையிலிருந்து நெய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து மச்சான் இலைக்கு எதிரே நின்றேன்.

"மச்சான், நெய் ஊத்தட்டுங்களா?"

ஊற்றினேன். ஒப்புட்டு நனைந்தது. "போதுங்களா?" போதும் என்று அவர் சொல்லவில்லை. ஊற்றினேன். நெய் ஒப்புட்டைத் தாண்டி அவரைக்காய்ப் பொரியலைத் தொட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. நாற்காலிகளுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாசலில் சம்பந்தி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். நெய் இலையின் விளிம்புக்கு வந்தது.

தெய்வசிகாமணி ஓடி வந்தார். "ஏனுங்க, அது இன்னும் நாலு பந்திக்கு வெச்சிருக்கற நெய்யிங்க!"

மச்சான் இரண்டு கையையும் இலைக்கு மேல் குறுக்கே நீட்டினார். "போதும் மாப்ள! போதும், போதும்! ஆளைக் கொன்னுபோடுவீங்களாட்ட இருக்குது!" என்றவர் வெடித்துச் சிரித்தார். வரிசையே சிரித்தது. அப்புறம் ஒப்புட்டைப் பிட்டு, நெய்யில் புரட்டி, வாயில் போட்டார். வாசலில் வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்றால், இரண்டும்தான்.

அந்தப் பந்தி நாற்பத்தாறு நிமிடம். திட்டத்திலேயே மோசமான எண்.

சாப்பிட்டு எழுந்த மச்சான் நேராகக் காத்திருந்த கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். "வாங்க வாங்க, ஈரோட்டுக்காரங்களா? நின்னு நின்னு கால் வலிக்குதுங்களா? சம்பந்தி, நெய் மட்டும் கொஞ்சம் கொறச்சலா இருக்குமுங்க, எங்க மாப்ள பண்ணுன காரியம்..." ஒருவர் விடாமல் பேசினார். சம்பந்தி கடிகாரத்தை மறந்து தேங்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தரும் கிளம்பவில்லை.

சாயங்காலம் பேக்கரிக்காரர் மண்டபத்துக்கே வந்துவிட்டார். "உங்களை நம்பி எச்சாப் போட்டு வெச்சனுங்க. ஏமாத்திப்போட்டீங்களே!" மீந்த பப்ஸ் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 3

படிவத்தைக் கொடுத்தேன்.

முதன்மை அளவு: பந்தி நேரம், சராசரி முப்பத்து மூன்று நிமிடம். முன்பைவிட இரண்டு நிமிடம் குறைவு. துணை அளவு ஒன்று: எதிர் பேக்கரியில் விற்ற பப்ஸ். இரண்டு: மச்சான்.

ஷர்மிளா மேடம் முதல் இரண்டையும் ஒத்துக்கொண்டார். "மூணாவதுக்கு அலகு என்ன சார்? எதுல அளந்தீங்க?"

"ஒப்புட்டுலங்க மேடம்."

"எத்தனை?"

"மூணு."

சான்றிதழ் கிடைக்குமா தெரியாது. கையெழுத்துப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். மிருதுளா ஈரோட்டில் இருக்கிறாள், வீடு வெறிச்சென்று இருந்தது. வசந்தாமணி தட்டில் இரண்டு தோசை மட்டும் வைத்தாள். முடித்தேன். தட்டை எடுக்கவில்லை. தோசைக்கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னொண்ணு வெக்கட்டுங்களா?"

நான் போதும் என்று சொல்லவே இல்லை.